பையின் அடியில் ஒரு கொக்கி

எங்கள் எக்ஸ்ரே அக்காவுக்கு வாயும் பெரிது, கண்ணும் பெரிது. வாயால் இழுத்துக்கொள்ளும் வம்பிலிருந்தெல்லாம் அவளை இதுவரை காப்பாற்றி வந்தது அந்தக் கண்தான். அந்தக் கண்ணுக்கே ஒரு நாள் சோதனை வந்தது பாருங்கள், அதைத்தான் சொல்லப் போகிறேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். விமான நிலையத்துக்கு வருவதற்கு முன் நான் பஸ்ஸில் கண்டக்டர். மெதுவாகப் பேசினால் எனக்கே என் பேச்சு கேட்காது. இங்கேயும் யாரும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, கண்டக்டர்தான்.

பாதுகாப்புச் சோதனையில் எனக்கு மேஜை வேலை. பயணிகளின் கைப்பை பெல்ட்டில் ஏறி எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் போகும். அந்தப் படத்தை இயந்திரத்தின் பக்கத்தில் நிற்கிற ஆள்தான் பார்க்கிறார் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். எங்கள் இடத்தில் அப்படி இல்லை. சுவருக்குப் பின்னால் ஜன்னலே இல்லாத ஓர் அறை, அதற்குள் வரிசையாகத் திரைகள். எந்தப் பை எந்தத் திரையில் விழும் என்று யாருக்கும் தெரியாது. பை யாருடையது, அவர் மந்திரியா மாப்பிள்ளையா என்பது திரை முன் இருப்பவருக்கும் தெரியாது. சந்தேகம் வந்தால் சிவப்புப் பொத்தான். பை என் மேஜைக்கு வந்துவிடும். நான் கையுறையை மாட்டிக்கொண்டு "சார், இந்தப் பை உங்களதா?" என்று ஆரம்பிப்பேன். பொத்தானை அழுத்துவது அவர்கள், திட்டு வாங்குவது நான்.

திட்டுகிறவர்களையும் குறை சொல்ல முடியாது. இந்தக் கைகள் பார்க்காத ரகசியம் இல்லை. ஒருவருடைய பல்செட், ஒருத்தியின் விக், கட்டின பெண்டாட்டிக்குக்கூடத் தெரியாத மாத்திரை எல்லாவற்றையும் நாலு பேர் பார்க்க எடுத்து மேஜையில் வைத்திருக்கிறேன். குழந்தைக்குக் கொண்டுபோகும் பாலை அம்மாவைக் குடித்துக் காட்டச் சொல்லியிருக்கிறோம். ஒரு தடவை ஒரு பெரியவர் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, ஒரு கையால் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையைத் தூக்கி நின்றார். இரண்டு கையையும் தூக்கணும் என்றார்கள். தூக்கினால் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். நான் ஓடிப்போய்ப் பின்னால் நின்று பேண்ட்டைப் பிடித்துக்கொண்டேன். சீ, என்ன பிழைப்புடா இது என்று அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அக்காவுக்கு அந்த மாதிரி சஞ்சலமெல்லாம் கிடையாது. அவள் முன்பு ஒரு சட்டைக் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தவள். மலைபோல் குவிந்த சட்டைகளில் விட்டுப்போன தையலைக் கண்டுபிடிக்கிற வேலை. பிறகு விமான நிலையத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, யாரிடமும் சிபாரிசுக்குப் போகாமல், தானாக வந்து பரீட்சை எழுதி அந்த நாற்காலியைப் பிடித்தாள். "எங்கப்பா கொடுத்த நகையும் எனதில்ல, வீட்டுக்காரர் கட்டின வீடும் எனதில்ல. இந்த நாற்காலி மட்டும்தாண்டா நானா சம்பாதிச்சது" என்பாள். கடைத்தெருவில் யாராவது பையோடு எதிரே வந்தால் போதும், தூக்குகிற தோளின் சாய்வைப் பார்த்தே உள்ளே என்ன என்று சொல்லிவிடுவாள். பாதி சரியாக இருக்கும். மீதிக்கு அவளிடமே ஒரு காரணம் இருக்கும்.

எங்கள் இயந்திரத்துக்கு ஒரு குறும்பு உண்டு. யாரோ ஒருவருடைய பையில் இல்லாத துப்பாக்கியை இருப்பதுபோல் படத்தில் அதுவாகவே சேர்த்துக் காட்டும். பார்க்கிறவர் விழித்திருக்கிறாரா, கண் திறந்தபடி தூங்குகிறாரா என்று தெரிந்துகொள்ளத்தான். பொத்தானை அழுத்தினால் 'சபாஷ், இது பயிற்சிப் படம்' என்று திரையில் எழுத்து வரும். எழுத்து வந்துவிட்டால் அக்கா அறைக்குள்ளிருந்தே கத்துவாள். அன்றைக்கு ஷிப்டில் இருக்கிற எல்லாருக்கும் டீ அவள் செலவு. இப்படிப் பொய்த் துப்பாக்கிகளின் புண்ணியத்தில் நாங்கள் குடித்த டீ கொஞ்ச நஞ்சமில்லை.

இதை வைத்துத்தான் அவள் வீட்டுக்காரர் அவளைக் கிண்டல் செய்வார். அவர் கார் சீட்டுக்கும் சோபாவுக்கும் உறை தைக்கிறவர், சொந்தக் கடை. அவரை நான் அப்போது பார்த்ததில்லை. ஆனால் வீட்டுச் சண்டையை இரண்டு குரலிலும் அக்காவே எங்களுக்கு நடித்துக் காட்டுவதால் மனுஷன் நன்றாகவே தெரிந்தவர்.

"நீ புடிச்ச துப்பாக்கியெல்லாம் மெஷினே வரைஞ்சது. இதுக்கு ஊரையே செருப்பைக் கழட்டச் சொல்றீங்களே, நியாயமா?" என்பாராம் அவர்.

"வீட்டுக்குப் பூட்டுப் போடுறீங்களே, அந்தப் பூட்டு இதுவரைக்கும் எத்தனை திருடனைப் புடிச்சிருக்கு?" என்பாளாம் இவள்.

"பூட்டு என் பாக்கெட்டுக்குள்ள கை விடலையேம்மா!"

இதைக் கேட்டால் போதும், அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். எங்களிடம் சொல்லும்போதும் அந்த இடத்தில் டீயை ஒரே வாயாகக் குடித்துவிட்டு எழுந்துவிடுவாள்.

அந்தச் சமயத்தில் அவளுக்கு ஒரு கஷ்ட காலம் ஆரம்பித்தது. பொய்ப் படத்தைத் தவறவிட்டாலும் குறை, ஒன்றுமில்லாத பையை நிறுத்தினாலும் குறை. அக்கா எதையும் தவறவிடமாட்டாள். ஆனால் அநியாயத்துக்கு நிறுத்துவாள். குழந்தையின் கிலுகிலுப்பையை நிறுத்தினாள். கூந்தல் கிளிப் டப்பாவை நிறுத்தினாள். ஒரு நாள் ஒரு அம்மாவின் சுருதிப் பெட்டியை நிறுத்தி, அதை அந்த அம்மா பாடிக் காட்டி நிரூபிக்க வேண்டியதாகிவிட்டது. வரிசை வாசல் வரைக்கும் போனது, ஜனங்கள் விமானத்தைத் தவறவிட்டார்கள், புகார் மேலிடத்துக்குப் போனது. எங்கள் ஷிப்ட் ஆபீசர் அவளைக் கூப்பிட்டு, "இன்னும் ஒரே ஒரு பொய் அலாரம். அதோட சரி. திரையிலேர்ந்து எடுத்து டிரே அடுக்கப் போட்டுடுவேன். எனக்கும் வேற வழியில்லம்மா" என்று சொல்லிவிட்டார்.

வீட்டில் இதைச் சொன்னதும் வீட்டுக்காரருக்குக் கொண்டாட்டம். "டிரே அடுக்குறதுக்கா படிச்ச? பேசாம நம்ம கடைக்கு வந்துடு. கல்லாவுல உக்காரு, ராணி மாதிரி வச்சுக்கிறேன்."

"நாற்காலி போச்சுன்னா வர்றேன். போகாது!" என்று இவளும் வீம்புக்குச் சொல்லிவிட்டாள். சொன்ன வாக்குத் தப்புகிற ஜாதி இல்லை அவள். அதனால்தான் பயந்தாள். பொத்தானுக்குப் பக்கத்தில் விரலைக் கொண்டுபோய்விட்டு எடுத்துக்கொள்வதாக அவளே என்னிடம் சொன்னாள். "கண்ணு சொல்லுதுடா, கை கேக்க மாட்டேங்குது" என்றாள். வாயாடி அக்கா அவ்வளவு சின்னக் குரலில் பேசி நான் கேட்டதில்லை.

போதாக்குறைக்கு வீட்டில் இன்னொரு சண்டை. அவருக்கு ஒரு கத்தி உண்டாம். ரெக்சின் அறுக்கிற வளைந்த கத்தி, நுனி கொக்கி மாதிரி இருக்கும், கைக்குப் பழகினது. அது ஒரு நாள் காணாமல் போய்விட்டது. வீட்டை ஒழிக்கிறேன் என்று அக்காதான் குப்பையோடு தூக்கிப் போட்டுவிட்டாள் என்று அவர் முடிவே கட்டிவிட்டார். "ஊரான் பையையெல்லாம் குடையுறவ, என் பெட்டியை விட்டு வைப்பியா?" என்று கேட்டாராம். இதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. இருவருக்கும் பேச்சு நின்றுபோனது. உப்பு வேண்டுமானாலும் பையனை விட்டுத்தான் கேட்டுக்கொண்டார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் அந்தக் காலை வந்தது. விடுமுறைக் கூட்டம், வரிசை பாம்பாக வளைந்து நிற்கிறது. என் மேஜைக்கு ஒரு பை வந்து விழுந்தது. கடையில் வாங்கின பை இல்லை. தடித்த ரெக்சினில் கையால் தைத்தது, அடிப்பாகத்தில் மெத்தென்று ஸ்பாஞ்ச் வைத்துக் கெட்டியாக உறை போட்டிருந்தது. என் மேஜைத் திரையில் படம் வந்தது. பையின் அடியில் ஒரு இடத்தைச் சுற்றிச் சிவப்புக் கட்டம். கட்டத்துக்குள் ஒரு மெல்லிய கோடு. எனக்கு அது பையின் சட்டக் கம்பி மாதிரித்தான் இருந்தது.

"சார், இந்தப் பை உங்களதா?"

"எனதுதான். சீக்கிரம் பாருங்க தம்பி, போர்டிங் ஆரம்பிச்சாச்சு."

சட்டை இரண்டு, துண்டு ஒன்று, அளவு டேப், துணிச் சாம்பிள்கள் கட்டிய ஒரு கத்தை. எல்லாவற்றையும் எடுத்து உதறினேன். உள்ளே கை விட்டு மூலை மூலையாகத் தடவினேன். ஒன்றுமில்லை. அவர் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை அது.

"போன மாசமும் இதே பையை இப்படித்தான் குடைஞ்சீங்க. ஒரு பொம்பளை நின்னாங்க இந்த மேஜையில. அப்பவும் ஒண்ணும் கிடைக்கல. அதுக்கப்புறம் இந்தப் பை நான் போக வேண்டிய ஊருக்குப் போய், அந்த ஊர் ஏர்போர்ட்டையும் தாண்டித் திரும்பி வந்துச்சு. என்னதான் தேடுறீங்க, சொல்லிட்டாவது தேடுங்களேன்!"

நான் உள்ளறை ஃபோனை எடுத்தேன். யார் அழுத்தியது என்று நாங்கள் பயணியிடம் சொல்லக் கூடாது, பயணி யார் என்று அறைக்கும் சொல்லக் கூடாது. பையைப் பற்றி மட்டும் பேசலாம். மறுமுனையில் அக்காவின் குரல். ஐயோ, அக்காவா!

"கண்டக்டர், அடியில பாரு. கொக்கி மாதிரி ஒரு கோடு."

"அது கம்பிக்கா."

"கம்பி நேராப் போகும்டா. இது வளைஞ்சு, நுனி சிறுத்து நிக்குது. திரும்பப் பாரு."

திரும்பவும் பார்த்தேன். வெளியிலிருந்து அழுத்தினேன், உள்ளேயிருந்து அழுத்தினேன். ஸ்பாஞ்ச் அமுங்கி அமுங்கி எழுந்தது, கைக்கு எதுவும் தட்டுப்படவில்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். ஒலிபெருக்கியில் அவருடைய விமானத்துக்குக் கடைசி அழைப்பு வந்தது. அவருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"அந்த ரூமுக்குள்ள உக்காந்திருக்கிற குருட்டு ஜென்மம் எது? வெளியே வரச் சொல்லு!" என்று கத்தினார். நான் ஃபோனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். "ஒரு சினிமா தியேட்டர் சீட்டு முழுக்க மாத்துற வேலை. இன்னைக்கு அளவெடுக்கப் போகலன்னா கை நழுவிப் போயிடும். என்னன்னு நினைச்சீங்க? என் பொண்டாட்டியும் இங்கேதான் வேலை பாக்குறா, எக்ஸ்ரேவுல! அவ பேரைச் சொல்லி உள்ள போகக் கூடாதுன்னு கண்டிஷன் போட்டிருக்கா, அதான் இவ்வளவு நேரம் வாயைத் திறக்கல. கூப்பிடுங்க அவளை. நான் யாருன்னு அவ சொல்லுவா!"

நான் அப்போதுதான் அவர் கையைப் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் நூல் அறுத்த தழும்பு, நகத்தடியில் பசை. அடக் கடவுளே. அக்கா வீட்டுக்காரர், நம்ம மாமா!

தொண்டை வரைக்கும் வந்ததை விழுங்கினேன். பை மாமாவுடையது என்று அக்காவிடம் சொன்னால், சொந்தக்காரர் பை என்று அவள் உடனே எழுந்துவிட வேண்டும். அடுத்து உட்காருகிற ஆள் கம்பி என்று சொல்லி விட்டுவிடுவான், அலாரம் அக்கா கணக்கில் ஏறும், நாற்காலி போகும். பொத்தானை அழுத்தியது உங்கள் பெண்டாட்டிதான் என்று மாமாவிடம் சொன்னாலோ, அந்த வீட்டில் இந்த ஜென்மத்துக்கும் பேச்சு வார்த்தை திரும்பாது. திருடனுக்குத் தேள் கொட்டினதுபோல் நின்றேன். நான் திருடனும் இல்லை, அதுதான் கொடுமை.

அதற்குள் ஷிப்ட் ஆபீசர் வந்துவிட்டார். படத்தைப் பார்த்தார், பையைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார்.

"கம்பி. விட்டுடு கண்டக்டர்."

ஃபோன் இன்னும் என் காதில்தான் இருந்தது, பொத்தின கையை எடுத்துவிட்டிருந்தேன். அந்தப் பக்கம் அக்கா இதைக் கேட்டுவிட்டாள். "சார்கிட்ட சொல்லு. பையைக் காலி பண்ணி, குப்புறப் போட்டு ஒரே ஒரு தடவை அனுப்பச் சொல்லு. கோணம் மாறினாத் தெரிஞ்சிடும். இல்லன்னா நானே வந்து டிரே அடுக்குறேன். பொத்தானை அழுத்திட்டு விடுறதுக்கு, அழுத்தாமலே இருந்திருக்கலாம்" என்றாள்.

சொன்னேன். ஆபீசர் பல்லைக் கடித்தார். "அனுப்பு. ஒண்ணும் இல்லன்னா அந்தம்மாவோட நீயும் சேர்ந்து அடுக்கு."

காலிப் பையைக் குப்புறப் போட்டேன். பெல்ட் நகர்ந்தது. எத்தனையோ ஆயிரம் பைகள் அதில் போய் நான் பார்த்திருக்கிறேன். பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறும்போதுகூட எனக்கு இவ்வளவு படபடப்பு வந்ததில்லை. மாமா ஒரு பக்கம் கைக்கடிகாரத்தைத் தட்டிக்கொண்டிருக்கிறார். ஆபீசர் ஒரு பக்கம் முகத்தைத் துடைக்கிறார். படம் வந்தது.

கொக்கி! கேள்விக்குறியைப் படுக்கப் போட்டதுபோல் சுத்தமான கொக்கி. ஸ்பாஞ்சுக்குள் சொகுசாகப் படுத்திருந்தது. ஃபோனில் அக்கா போட்ட கூச்சலில் என் காது இன்றைக்கும் சரியாகவில்லை.

"கத்தி கொண்டாங்க, அடியை அறுத்துடலாம்" என்றார் ஆபீசர்.

"அறுக்காதீங்க!" என்று மாமா பாய்ந்தார். அவர் குரலே மாறியிருந்தது. படத்தையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் தைச்ச பை அது. சங்கிலித் தையல். சரியான நுனியைப் புடிச்சா அறுக்காமலே வரும்." ஓரத்தில் ஒரு நூலைத் தேடிப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தார். சர்ரென்று ஒரு பக்கம் முழுவதும் பிரிந்துகொண்டே போனது. நான் அவரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு ஸ்பாஞ்சுக்குள் கையை விட்டேன். மரப்பிடி தட்டுப்பட்டது. வெளியே எடுத்தேன். வளைந்த கத்தி, நுனி கொக்கி. அலகு பளபளவென்று மின்னியது.

இப்படி ஒரு சாமான் பையிலிருந்து வந்தால் ஆட்கள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். வெளுத்துப் போவார்கள், சத்தியம் செய்வார்கள், ஓடப் பார்ப்பார்கள். மாமா என்ன செய்தார் தெரியுமா? குதித்தார்!

"என் கத்தி! ஐயோ, என் கத்தி! ஒரு மாசமா வீட்டைத் தலைகீழாப் புரட்டினேனே, இங்கேயாடா படுத்திருந்த!"

காவலர் ஓடி வந்தார். வரிசையில் நின்றவர்கள் பின்னால் நகர்ந்தார்கள். கத்தியைப் பார்த்துச் சிரிக்கிற பயணியை அவர்கள் எங்கே பார்த்திருக்கிறார்கள்? காவலர் அவரை ஓரமாக உட்கார வைத்து விசாரித்தார். விஷயம் இவ்வளவுதான். போன மாதம் பயணத்துக்கு முந்தின நாள் பையின் அடி கிழிந்திருக்கிறது. பழசைப் பிரித்துப் புது ஸ்பாஞ்ச் திணித்துத் தைத்திருக்கிறார். ஸ்பாஞ்சை அறுத்த கத்தியை அதன் மேலேயே வைத்துவிட்டு நூல் கோக்கத் திரும்பியிருக்கிறார். கத்தி வழுக்கி உள்ளே போயிருக்கிறது. அதையும் சேர்த்து நெருக்கமாகத் தைத்துவிட்டார். பிறகு ஒரு மாதம் அந்தக் கத்தியைத் தேடிக்கொண்டே, அந்தக் கத்தியையே தோளில் மாட்டிக்கொண்டு திரிந்திருக்கிறார்.

"அப்படின்னா…" என்று மாமா திடீரென்று நிறுத்தினார். சிரிப்பு நின்றது. "அவ தூக்கிப் போடல."

ஆபீசர் இதற்குள் கணினியில் போன மாதத்தைத் தேடிப் பிடித்துவிட்டார். அதே பை, அதே இடத்தில் சிவப்புக் கட்டம். அழுத்தியது அக்கா. மேஜையில் ஒன்றும் கிடைக்கவில்லை என்று பொய் அலாரமாக ஏறியிருந்தது. அன்றைக்குக் கூட்டம் அதிகம் என்று 'விட்டுடு' என்று சொன்னது யார் என்பதும் அதில் இருந்தது. அதைப் படித்ததும் ஆபீசர் ஒரு தடவை இருமினார். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, ஆனால் சம்பளம் நினைவுக்கு வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து அக்காவின் முறை முடிந்தது. கண் மரத்துப்போகும் என்று யாரையும் திரை முன் அதிக நேரம் உட்கார வைக்கமாட்டார்கள். கதவைத் திறந்துகொண்டு அவள் ஓடி வந்தாள். ஓட்டம் என்றால் அப்படி ஓட்டம்.

"பாத்தியாடா! கொக்கின்னு சொன்னேன்ல! கம்பியாம் கம்பி! எங்கே அந்த ஆளு? எவன் அவன் பஞ்சுக்குள்ள கத்தியை வச்சுத் தைச்சுக்கிட்டு…"

நாற்காலியிலிருந்து மாமா எழுந்து நின்றார்.

"நீங்களா?" என்றாள் அக்கா.

"நீயா?" என்றார் மாமா.

அக்கா மேஜையில் கிடந்த கத்தியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். வாய்தான் முதலில் திரும்பி வந்தது.

"ஊரான் பையைக் குடையுறவன்னு சொன்னீங்களே! உங்க பையைக் குடைஞ்சுதான் கண்டுபிடிச்சேன், போதுமா? ஒரு மாசம்! ஒரு மாசமா எனக்கு அந்தப் பேரு!" சொல்லிக்கொண்டே வந்தவள் திடீரென்று அழ ஆரம்பித்துவிட்டாள். "வேற ஊர்ல புடிச்சிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? நம்ம மொழி தெரியாத எவனாவது புடிச்சிருந்தா? நூலை இழுக்கிறேன், தையலைக் காட்டுறேன்னு சொன்னா விட்டிருப்பானா? உள்ள தூக்கிப் போட்டிருப்பான்ங்க. நான் எங்கே வந்து உங்களைத் தேடுவேன்?"

மாமா அவள் கையைப் பிடித்தார். காவலர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"உன்னைத்தான் குருட்டு ஜென்மம்னு கத்தினேன்" என்றார் மாமா மெதுவாக.

"கேட்டுச்சு. ஃபோன் ஆன்லதான் இருந்துச்சு. எவனோ ஒரு முரடன்னு நினைச்சேன், குரலே தெரியல. அவ்வளவு நாளாச்சு நம்ம பேசி."

காவலர் நல்ல மனுஷன். விசாரணையை முடித்து, வாக்குமூலம் வாங்கிக்கொண்டு, எச்சரித்து விட்டுவிட்டார். காலை விமானம் போய்விட்டது. தியேட்டர்காரருக்கு மாமா ஃபோன் போட்டுக் கெஞ்சினார், சாயங்காலத்துக்குள் வந்தால் சரி என்று அவரும் இறங்கி வந்தார். ஆனால் கத்தி? அது பறிமுதல். திரும்பக் கிடைக்காது, ஊழியர் குடும்பம் என்றாலும் கிடைக்காது. எங்கள் மேஜைக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டி ஒன்று இருக்கிறது. கத்தரிக்கோல்களும் லைட்டர்களும் நிறைந்த அந்தப் பெட்டிக்குள் மாமாவின் கத்தியை நான்தான் போட்டேன். ஒரு மாதம் தேடிக் கிடைத்த பொருள் அரை மணி நேரத்தில் மறுபடியும் போனது. அவர் அதைக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்த பார்வை எனக்கே பாவமாக இருந்தது.

பிறகு அவர் நேரே ஆபீசரிடம் போனார். "சார், அவளை டிரே அடுக்கப் போடப் போறதா சொன்னீங்களாமே" என்றார். ஆபீசர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாமா விடவில்லை. "எனக்கும் அதுதான் ஆசையா இருந்துச்சு. கடைக்கு வந்துடுவாள்ல. ஆனா இப்பச் சொல்றேன், அவளை அந்த நாற்காலியிலேர்ந்து எடுக்காதீங்க."

"யாரு எடுக்கறா? ஒரு அலாரம் கணக்குலேர்ந்து கழிஞ்சு போச்சே" என்றார் ஆபீசர். அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டே எல்லாருக்கும் டீ சொல்லி அனுப்பினாள். பொய்த் துப்பாக்கிக்கே டீ வாங்கித் தருகிறவள், நிஜக் கத்திக்கு விடுவாளா? அன்றைக்கு டீயோடு பிஸ்கட்டும் வந்தது. காவலருக்கும் சேர்த்து.

நான் அன்றிலிருந்து யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். இந்த வேலைக்கு இவ்வளவு ஆள், இவ்வளவு மெஷின், ஜனங்களுக்கு இவ்வளவு அவமானம், எல்லாம் தேவையா? அந்தக் கத்தியைக் கண்டுபிடித்ததும் நாங்கள்தான். அதற்கு முன் அதைப் பறக்க விட்டதும் நாங்கள்தான், அந்த ஊர்க்காரர்களையும் சேர்த்து. போக ஒரு தடவை, வர ஒரு தடவை அது ஆகாயத்தில் பறந்தது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வைத்திருந்தவருக்கே தெரியாத கத்தியால் யாருக்கு என்ன ஆபத்து என்று மாமா கேட்டால் நான் என்ன சொல்வேன்? தெரியாதென்றால் தெரியாதுதான். பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தப் பெரியவர் வந்து கேட்டால் அவரிடமும் எனக்குப் பதில் இல்லை.

மதிய விமானத்துக்கு மாமா மறுபடியும் வரிசையில் வந்தார். யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றினார், பெல்ட்டைக் கழற்றினார், பாக்கெட்டைத் தலைகீழாக உதறிக் காட்டினார். அடி பிரிந்து தொங்குகிற பையை டிரேயில் வைத்தார். வைத்தவர் கையை எடுக்கவில்லை.

"தம்பி, உள்ளே அவதானே இருக்கா?"

"இல்ல மாமா. சொந்தக்காரங்க பையை அவங்க பாக்கக் கூடாது. நீங்க போற வரைக்கும் அக்கா வெளியேதான். வேற ஆளு இருக்காரு."

மாமாவின் முகம் வாடியது. எனக்குப் பின்னால் இருக்கும் சுவரைப் பார்த்தார். தன்னோடு ஏறப்போகிற கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார், குழந்தை குட்டி, மூட்டை முடிச்சு என்று நீளமாக நின்றிருந்தது. பிறகு டிரேயை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, என் காதருகே குனிந்தார்.

"அந்த ஆளை நல்லாப் பாக்கச் சொல்லுங்க தம்பி. என் பையை மட்டும் இல்ல, எல்லாத்தையும்."